அடியில் நிற்கும் மீன்

வா அம்மிணி, உள்ள வா. மீன் தொட்டியப் பாக்கத்தானே வந்தே? குடுக்கறோம்னு என்ற பையன் வாட்ஸப்புல போட்டிருந்தானாம்; போன்ல சொன்னான், பக்கத்து லைன்ல புதுசா குடி வந்தவங்களுக்கு ஒரு குழந்தை இருக்குது, அதுக்கு மீனுன்னா உசுராம், கேட்டாங்கன்னு. இப்படி உக்காரு. அந்தச் சேர்ல வேண்டாம், அது அவரு உக்கார்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க. அவரு இல்ல. நாங்க போற வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருக்கறாரு. ஒத்த ரூம்பு. இந்த வீடு கம்பெனி வீடு பாரு, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

தொட்டி நல்ல தொட்டி. கண்ணாடில ஒரு கீறல் கிடையாது. மோட்டார் ஓடறது காதுக்கே கேக்காது. உள்ள நிக்கறதெல்லாம் நெசச் செடி, பிளாஸ்டிக் இல்ல. அந்த நாடா நாடாவா நிக்குதே, அது ஒரே ஒரு கொத்துத்தான் வெச்சாரு. வேரோடி வேரோடி இப்பக் காடாட்டம் ஆயிப்போச்சு. மீனுக்குப் பேரு நியான் டெட்ரா. சுண்டுவிரல்ல பாதிதான் வளரும். ஒடம்பு நீளத்துக்கு நீலமா ஒரு கோடு, வாலுக்குக் கிட்ட செவப்பா ஒரு கோடு. எங்கூட்டுக்காரரு சாயப்பட்டறைல டையிங் மாஸ்டரா இருந்தவரு. சென்னியப்பன் மாஸ்டருன்னா இந்தப் பக்கம் தெரியாத ஆளு இல்ல. அவரே சொல்லுவாரு, இந்த நீலத்த எந்த மிசின்லயும் புடிக்க முடியாது சம்பூர்ணம்னு.

இது கூட்டமா இருக்கற மீனு. ஒண்ணு திரும்புனா அத்தனையும் திரும்பும். யாரு சொல்லித் திரும்புதுன்னு தெரியாது. ஒண்ணைத் தனியா விட்டாக் கலரே போயிரும். தின்னாது, கொள்ளாது, மூலைல போய் நின்னுக்கும்.

எடுத்துட்டுப் போ, நான் வேண்டாங்கல. ஆனா ஒண்ணைச் சொல்லிப்போடறேன். ஒளிச்சுக் குடுக்கறது எனக்கு ஆகாது, அதுவும் குழந்தை இருக்கற வீட்டுக்கு. நல்லா இருந்த மனுசன இந்த மீனு கெடுத்துப்போடுச்சு அம்மிணி. எங்க குடும்பத்தையே கொண்டுபோய்த் தெருவுல நிறுத்திருச்சு. முழுசாக் கேட்டுப்போட்டு, அப்புறமும் வேணும்னா எடுத்துக்க.

போன மாசில கம்பெனில ஒரு அசம்பாவிதம் ஆயிப்போச்சு. கேள்விப்பட்டிருப்பே. பட்டறைக்குப் பொறகால சாயக்கழிவு நிக்கற தொட்டி இருக்குது, தரைக்குள்ள, மூடி போட்டது. அடில சேறு கட்டிக்கிச்சு, மோட்டாரு இழுக்கல. அடுத்த நா பொல்யூசன் ஆபீசருங்க பாக்க வர்றாங்கன்னு மொதலாளி போன் மேல போன். அன்னிக்குத்தான் ஆறுச்சாமி செத்தது. அந்தத் தொட்டிக்குள்ள.

ஆறுச்சாமி கம்பெனில எடுபிடி வேலைக்கெல்லாம் இருந்தவன். தங்கமான ஆளு. தேங்கா பறிக்கோணும்னாலும் சரி, சாக்கடை அடைச்சுக்கிட்டாலும் சரி, ஒரு குரல் குடுத்தா வந்துருவான். வாசல்ல நின்னுட்டு 'அக்கா'ம்பான். உள்ள வர மாட்டான். நாங்க ஒரு நாளும் வராதேன்னு சொன்னதில்ல. அவனா வர மாட்டான். அப்படி ஒரு மருவாதி.

அன்னிக்குப் பொழுது எறங்கற நேரத்துக்கு மொதலாளியே வீட்டுக்கு வந்துட்டாரு. இதா, இந்த எடத்துலதான் நின்னாரு. எங்கூட்டுக்காரரு சட்டையெல்லாம் கருஞ்சேறு. கை ரெண்டையும் முன்னால நீட்டிட்டு உக்காந்திருக்கறாரு, வேற யாரோட கையோ மாதிரி. போலீஸ் வரும், என்ன சொல்லோணும்னு மொதலாளி கேக்கறாரு. இவரு வாயே தொறக்கல. அப்ப நாந்தான் சொன்னேன். "ஆறுச்சாமி எறங்கவே இல்லீன்னு சொல்லுங்க. மேல நின்னு மூடியத் தொறந்தான், கால் வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுங்க." மொதலாளியே என்னைத் திரும்பிப் பாத்தாரு. அவருக்குக்கூட அது தோணல பாரு. குடும்பம் நடத்தறவளுக்குத்தானே தெரியும், எந்த நேரத்துல என்ன பேசோணும்னு. போனவன் போயிட்டான். இருக்கறவங்க இருக்கோணுமில்ல?

இவரு நான் சொன்ன மாதிரியே எழுதிக் குடுத்தாரு. அதோட முடிஞ்சிருக்கோணும். பட்டறையப் பூட்டி சீல் வெச்சுட்டாங்க, கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட்டுன்னு நெனச்சுக்க வேண்டியதுதான். ஆனா இவரு ரெஸ்ட் எடுக்கற மாதிரியா இருந்தாரு? பேச்சு இல்ல. சோத்துல கைய வெச்சா எந்திரிச்சுப் போய்க் கை கழுவுவாரு. திருப்பி வந்து உக்காருவாரு, திருப்பிப் போய்க் கழுவுவாரு. வீட்டுக்குள்ள முட்டை அழுகுன நாத்தம் அடிக்குதுங்கறாரு. நான் மூலை முடுக்கெல்லாம் பினாயில் போட்டுக் கழுவிட்டேன். இன்னும் அடிக்குதுங்கறாரு. எனக்கு ஒண்ணும் அடிக்கல.

என்ற பையன் பிரகதீசு பெங்களூர்ல இருக்கறான். வைகாசில வந்தவன் அப்பனப் பாத்துட்டு நெம்ப வெசனப்பட்டான். ஏதாச்சும் உசுரோட இருக்கறதப் பாத்துட்டு இருந்தா மனசு ஆறும்னு யாரோ சொன்னாங்கன்னு இந்தத் தொட்டிய வாங்கிட்டு வந்துட்டான். கருமணலு, செடி, லைட்டு, ஒரு மரத்துண்டு, பாலித்தீன் பைல மீனு. வந்த அன்னிக்கு அத்தனையும் செடிக்குள்ள பூந்துக்கிச்சு, ஒண்ணுகூடக் கண்ணுல படல. அடுத்த நா கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துச்சு. கலரு ஏறுச்சு. அப்புறம் ஒரு கூட்டமாச் சேந்துக்கிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போக ஆரம்பிச்சுது.

நல்லாத்தான் இருந்தாரு அம்மிணி, மொதல்ல. நான் இல்லைங்கல. இந்த ஊரு போர்த்தண்ணி உப்பு, இதுல இந்த மீனு நிக்காதுன்னு கடைக்காரன் சொல்லிட்டான்னு மொட்டைமாடில டிரம்மு வெச்சு மழைத்தண்ணி புடிச்சாரு. பட்டறைல தண்ணி டெஸ்ட் பண்ற மாதிரியே சொட்டு மருந்து உட்டுக் கலரு பாத்தாரு. செடில அழுகுன இலையக் கத்தரிச்சு எடுப்பாரு. தீனி போட்டா அதுங்க மேல ஏறி வாயத் தொறக்கறதப் பாத்து ஒருக்கா சிரிச்சாரு. நான் அடுப்படில இருந்து ஓடி வந்து பாத்தேன். எத்தனை மாசம் ஆச்சு அந்தச் சிரிப்பக் கண்டு.

அப்புறந்தான் அந்த மரத்துண்டு சாயம் உட்டுது.

காலைல எந்திரிச்சுப் பாத்தா தொட்டி முழுக்கக் காப்பித்தண்ணி கலரு. அந்த மாதிரி மரத்துல இருந்து கறை எறங்கறது சகஜமாம், மீனுக்கு நல்லதும்கூடவாம், கடைக்காரன் சொல்லித்தான் குடுத்திருக்கறான். ஆனா இவரு அதைப் பாத்ததும் ஒரு சத்தம் போட்டாரு பாரு. பேச்சு இல்ல அது, சத்தம். கைய முட்டி வரைக்கும் உள்ள உட்டு மரத்தப் புடுங்கி வெளிய வீசுனாரு. பாதித் தண்ணியக் கோரிக் கோரி வெளிய ஊத்துறாரு, நல்ல தண்ணி ஊத்துறாரு. 'கீழ தெரியல, கீழ தெரியல'ங்கறாரு. மீனெல்லாம் பயந்து ஒரு மூலைல குமிஞ்சு போச்சு. நான் அவரப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சேன்.

தண்ணி தெளிஞ்சுது. மீனு மறுபடியும் கூட்டம் சேந்துது. அன்னில இருந்துதான் அவரு சொல்ல ஆரம்பிச்சாரு. ஒண்ணு மட்டும் கீழயே நிக்குது சம்பூர்ணம், மேல வர மாட்டேங்குதுன்னு.

எங்கன்னு கேட்டா, அந்த நாடாச் செடி இருக்குது பாரு, அதுக்கு வேர்க்கால்ல, பின்கண்ணாடிய ஒட்டி, அங்கயாம். நான் குனிஞ்சு பாத்தேன். மணலுதான் இருக்குது. சீக்கு வந்த மீனு கூட்டத்த உட்டுப் பிரிஞ்சு நிக்கும்னு கடைக்காரன் சொன்னான். சரி, அந்த மாதிரி இருக்கும்னு அவரு குளிக்கப் போன நேரம் நானே செடிய வெலக்கி, வலை போட்டுத் தொளாவிப் பாத்தேன். ஒண்ணும் கெடயாது. எண்ணிப் பாத்தரலாம்னா அதுங்க எங்க எண்ண உடுது? ஒரே ஓட்டம். இவரு வந்து சேர்ல உக்காந்தா, 'இதா நிக்குதே'ங்கறாரு.

அப்புறம் கைய உட ஆரம்பிச்சாரு. மத்தியானம் சாப்புட்டு நான் கொஞ்சம் தலைய சாய்ப்பேன். லைன் வீடே சத்தமில்லாம இருக்கும் அப்ப. முழிச்சுப் பாத்தா இவரு தொட்டிக்குப் பக்கத்துல ஸ்டூல் மேல ஏறி, மூடிய எடுத்துப்போட்டு, கைய முழுசா உள்ள உட்டுட்டு நிக்கறாரு. உள்ளங்கை விரிச்சபடி அடி மணலுக்கு மேல. யாருக்கோ கை குடுக்கற மாதிரி. மீனு மொதல்ல பயந்து ஓடும், அப்புறம் ஒண்ணொண்ணா வந்து கைமயிரக் கொறிக்கும். அவரு கைய அசைக்க மாட்டாரு. வாய் மட்டும் முணுமுணுன்னு இருக்கும். கிட்டப் போய்க் கேட்டேன் ஒரு நா. 'ஏறு, ஏறு'ங்கறாரு. அவ்வளவுதான். ஏறு, ஏறு.

நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன். திருநீறு மந்திரிச்சு வாங்கியாந்து வெச்சேன். தொட்டி தெக்கால இருக்கக் கூடாதுன்னு ஒருத்தரு சொன்னாரு, கெழக்கால மாத்துனேன். எல்லாம் மீனு பண்ற கோளாறுன்னு எனக்கு அப்பவே தெரியும். ஒரே எடத்தையே பாத்துட்டு இருந்தா எந்த மனுசனுக்கும் அப்படித்தான் ஆகும். தூக்கிப் போடறேன்னா உட மாட்டேங்கறாரு.

ஆடி மாசம் பூவாளு வந்தா. பூவாளுன்னா ஆறுச்சாமியோட சம்சாரம். மத்தியான நேரம். வாசல்ல நின்னா, உள்ள வான்னேன், வந்தா. சேர்ல உக்காரச் சொல்றதுக்குள்ள அவளே தரைல உக்காந்துட்டா, நான் என்ன பண்றது. எதுக்கு வந்திருக்கறாளோ என்னமோ. ஏதாச்சும் கேட்டு வந்தாலும் மொதலாளிகிட்டப் போன்னு சொல்லிரோணும்னு நெனச்சுட்டேன்.

அவ அதெல்லாம் கேக்கல. இவரப் பாத்துக் கேட்டா. "மாஸ்டருங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். கடைசீல எங்கூட்டுக்காரரு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

நான் முந்திட்டேன். வழுக்கி விழுந்தவன் எங்க பேசறது பூவாளு, பொசுக்குன்னு போயிட்டான், அவன் கஷ்டப்படல, அதை நெனச்சு ஆறுதல் பட்டுக்கன்னு சொன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

அவ என்னையே பாத்தா. நெதானமாச் சொன்னா. "அவரு சட்டைய என்ற கைல குடுத்தாங்கக்கா. மடிச்சு வெச்சிருந்த சட்டை. சேறு படல. வழுக்கி விழுகறவரு சட்டையக் கழட்டி மடிச்சு வெச்சுட்டா விழுவாரு?"

என்ன சொல்லுவே நீ? இவரு சேர்ல இருந்து எந்திரிச்சாரு. எந்திரிச்சு வந்து அவளுக்கு முன்னால அந்தத் தரைலயே உக்காந்தாரு அம்மிணி. மாஸ்டரு. நான் பாத்துட்டே நிக்கறேன்.

"நாந்தான் எறங்கச் சொன்னேன்"னாரு. "மொதலாளி சொன்னாரு, நான் சொன்னேன். மூடியத் தொறந்து கொஞ்ச நேரம் உடலாங்க மாஸ்டருன்னு அவன் சொன்னான். நேரமில்லடான்னேன். எறங்குனான். சேத்தைக் கலக்குனதும் அழுகுன முட்டை நாத்தமா விசக்காத்து மேல வந்துச்சு. ஏணில பாதி ஏறிட்டான். நான் குப்புறப் படுத்துக் கையக் குடுத்தேன். புடிச்சான். 'மாஸ்டரு, கண்ணு தெரியல'ன்னான். அப்புறம் புடி உட்டுப் போச்சு."

அவ அழுவான்னு நெனச்சேன். அழுகல. அதையே ஒருக்கா மெதுவாச் சொல்லிப் பாத்தா, கண்ணு தெரியலைன்னாரான்னு. ஏதோ பொருளைக் கைல வாங்கி மடில முடிஞ்சுக்கற மாதிரி. அப்புறம் எந்திரிச்சா. போறப்ப தொட்டிகிட்ட நின்னா. மீனு கூட்டமாத் திரும்பறதையே பாத்தா. பாத்துட்டு, "அந்த ஒண்ணு மட்டும் எதுக்குங்க கீழ நிக்குது?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா.

எனக்கு ரோமமெல்லாம் நட்டுக்கிச்சு. இவரு மூஞ்சி இருந்துதே, தொலைச்சதத் தேடிட்டு இருக்கறவனுக்கு இன்னொரு ஆளும் சேந்து தேட வந்த மாதிரி.

அடுத்த நா காலைல இஸ்திரி போட்ட சட்டையப் போட்டுட்டு ஸ்டேசனுக்குக் கெளம்பிட்டாரு. எழுதிக் குடுத்தது பொய்யின்னு சொல்லப் போறேன்னாரு. நான் கால்ல விழாத கொறைதான். உங்க மேலயும்தானுங்க கேஸ் வரும்னேன். வரட்டும்னாரு. நம்ம பையனுக்குப் பொண்ணு யாரு குடுப்பாங்கன்னேன். செருப்ப மாட்டுனாரு. போயிட்டாரு. அன்னிக்கு முழுக்க நான் இந்த வீட்டுல தனியா இருந்தேன். அன்னிக்கு நான் என்ன பண்ணுனேன்கறத அப்புறம் சொல்றேன்.

அதுக்கப்புறம் எங்க பொழப்பு நாறிப்போச்சு. மொதலாளி வீட்டக் காலி பண்ணுன்னுட்டாரு. எங்க ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் போனை எடுக்கறதில்ல. கோயில்ல பாத்தா அக்கட்டால திரும்பிக்கறாங்க. சாயப்பட்டறை வெச்சிருக்கறவங்கதானே எல்லாரும்? அவருக்கு இனி எந்தப் பட்டறைலயும் வேலை இல்ல. வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் பேசறதில்ல. சோறு போடுவேன், சாப்புடுவாரு. ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு வீடு.

அப்பத்தான் மொதலாளியோட வக்கீலு வந்தாரு. நல்லாப் பேசற மனுசன். ஆர்.டி.ஓ. ஆபீசுல விசாரணை வெச்சிருக்கறாங்க, உங்களையும் கூப்புடுவாங்கக்கா, நீங்க பொய்யி ஒண்ணும் சொல்ல வேண்டாம், நடக்கறதைச் சொன்னாப் போதும்னாரு. உங்கூட்டுக்காரரு மீனோட பேசறாரா, பேசறாரு. இல்லாத மீனு இருக்குதுங்கறாரா, ஆமா. அதைச் சொல்லுங்க. அவருக்கு மனசு சரியில்லைன்னு ஆயிருச்சுன்னா அவரு எழுதிக் குடுத்தது நிக்காது, அவரு மேலயும் கேஸ் வராது, வைத்தியம் பாத்துக்கலாம், வீட்டுலயும் இருந்துக்கலாம்னாரு. எனக்கு அவரு பேச்சு நியாயமாத்தான் பட்டுது. நெசத்தத்தானே சொல்லச் சொல்றாரு? என்ற புருசனக் காப்பாத்தறதுக்கோசரம் நான் இதுகூடச் சொல்லக் கூடாதா?

புரட்டாசில விசாரணை. போனேன். பெரிய டேபிளுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பள ஆபீசரு, சின்ன வயசுதான். எதிர்ல மொதலாளி, வக்கீலு. இந்தப் பக்கம் பெஞ்சுல இவரு. அந்தக் கோடில பூவாளு. என்னைச் சேர்ல உக்கார வெச்சாங்க. பயப்படாமச் சொல்லுங்கம்மான்னாங்க.

வக்கீலு கேட்டாரு, உங்கூட்டுக்காரரு மீனோட பேசுவாருங்களான்னு. பேசுவாருங்கன்னேன். கைய உள்ள உட்டுட்டு நிப்பாருங்களா? நிப்பாருங்க. அடில ஒரு மீனு நிக்குது, மேல வர மாட்டேங்குதுன்னு சொல்லுவாருங்களா? சொல்லுவாருங்க. ஆபீசரம்மா எழுதறாங்க. இவரு தலையக் குனிஞ்சுட்டாரு. வக்கீலு எங்கிட்டத் திரும்பி, குழந்தைகிட்டக் கேக்கற மாதிரி அன்பாக் கேட்டாரு.

"அப்படி ஒரு மீனு அங்க இருக்குதுங்களாக்கா?"

இல்லீங்கன்னு சொல்லோணும். அதுக்குத்தான் வந்திருக்கறேன். வாயையும் தொறந்துட்டேன்.

"இருக்குதுங்க"ன்னேன். "நானும் பாத்தேன்."

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு என்னைக் கேக்காத அம்மிணி. எனக்குத் தெரியல. ஆனா பொய்யி இல்ல அது.

அவரு ஸ்டேசனுக்குப் போன அன்னிக்குன்னு சொன்னனே. அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பக்கெட்டையும் வலையையும் எடுத்துட்டு வந்தேன், அத்தனை மீனையும் கோரிக் கொண்டுபோய்ச் சாக்கடைல கொட்டிரலாம்னு. அவரு வந்து கேட்டா செத்துப்போச்சுன்னு சொல்லிக்கலாம். உச்சிப் பொழுது. கரண்டு இல்ல, லைட்டு எரியல, மோட்டாரும் நின்னு போச்சு. மூடிய எடுத்தேன். அப்ப அந்தக் கூட்டம் அத்தனையும் ஒண்ணாத் திரும்புச்சு. என்னைப் பாத்து இல்ல. வலையப் பாத்து இல்ல. அந்த மூலையப் பாத்துத் திரும்பிட்டு, ஒண்ணுகூட அசையாம நின்னுது. ஓடற மீனு அப்படி நின்னு நான் பாத்ததே இல்ல. குனிஞ்சேன். நாடாச் செடிக்கு வேர்க்கால்ல, பின்கண்ணாடிய ஒட்டி, ஒண்ணு நிக்குது. நீலமும் இல்ல, செவப்பும் இல்ல. சேத்துக் கலரு. தலை மேல பாத்தபடி, வாலு கீழ, ஏணில நிக்கற மாதிரி நட்டமா நிக்குது. கண்ணு மட்டும் வெள்ளையா இருக்குது. அப்பத்தான் எனக்கும் அந்த நாத்தம் அடிச்சுது. பினாயில் போட்டுக் கழுவுன வீட்டுக்குள்ள.

வலை கீழ விழுந்துருச்சு. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? சேலைய ஏத்திச் சொருகிட்டுக் கைய உள்ள உட்டேன். கீழ வரைக்கும். உள்ளங்கைய விரிச்சு. எத்தனை நேரம்னு தெரியல. கைல வழவழன்னு ஒண்ணு வந்து ஒரசுச்சு, அப்புறம் இல்ல. கரண்டு வந்துருச்சு. மீனெல்லாம் ஓட ஆரம்பிச்சுருச்சு.

இதை நான் யாருகிட்டயும் சொல்லல. அவருகிட்டயும் சொல்லல. ஆபீசருக்கு முன்னாலதான் வாய்ல வந்துது.

வக்கீலு உக்காந்துட்டாரு. மொதலாளி என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அதை உடு. ஆபீசரம்மா பேனாவ வெச்சுட்டு எம்பக்கம் திரும்புனாங்க. அப்புறம் கேட்டாங்க, ஆறுச்சாமி செத்த அன்னிக்கு வீட்டுல என்னம்மா பேசுனீங்கன்னு. கேட்டதுக்குச் சொன்னேன். மொதலாளி வந்தது, நின்னது, நான் சொல்லிக் குடுத்தது, எல்லாம். என்ற சாமர்த்தியத்தைச் சொல்றதுல எனக்கென்ன. அந்தம்மா எழுதிட்டே இருந்தாங்க. இப்ப மொதலாளி மேலயும் கேஸ், எங்கூட்டுக்காரரு மேலயும் கேஸ். என்னையும் கூப்புடுவாங்கன்னு சொல்றாங்க. நான் பெஞ்சுல வந்து உக்காந்தப்ப பூவாளு நகந்து எடம் உட்டா.

வெளிய வந்தோம். அந்த ஆபீசு கேட்டுக்கு முன்னால ஒரு புங்கமரம், அதுக்குக் கீழ பஸ்சுக்கு நின்னோம். அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திட்டுவாரோ என்னமோன்னு இருந்தேன். கொஞ்ச நேரங் கழிச்சுக் கிட்ட வந்தாரு.

"எப்பப் பாத்தே?"ன்னாரு.

"நீங்க ஸ்டேசனுக்குப் போன அன்னிக்குங்க."

"எந்தப் பக்கம் பாத்துட்டு நின்னான்?"

நின்னுதான்னு கேக்கல பாரு. நின்னான்னு கேட்டாரு. எனக்கு அது அப்பத் தெரியல, பஸ்சுல வர்றப்பத்தான் தெரிஞ்சுது. "மேலங்க"ன்னேன். "மேல பாத்துட்டுத்தான் நின்னான்."

அவரு தலைய ஆட்டுனாரு. பஸ் வந்துச்சு. ரெண்டு பேர் உக்கார்ற சீட்டுல உக்காந்தோம். எத்தனையோ மாசத்துக்கப்புறம் அவரு தோளு என்ற தோள்ல பட்டுது. ஊரு வர்ற வரைக்கும் எடுக்கல.

அவ்வளவுதான் அம்மிணி கதை. எல்லாம் இந்த மீனு செஞ்ச வேலை. மீனு வராம இருந்திருந்தா நாங்க பாட்டுக்கு இருந்திருப்போம். போற வீட்டுல எடமில்ல, குடுத்துரலாமுங்களான்னு கேட்டேன். குடுக்கறதுன்னாக் குடு, ஆனா பிரிச்சுக் குடுக்காத, கூட்டமாவே குடுன்னாரு. அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னது.

நீ எதுக்கு அங்க குனிஞ்சு பாக்கறே? உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம், நீ குழந்தை வெச்சிருக்கறவ. மத்தியான நேரத்துல கூட ஒரு ஆளு இருக்கோணும் அதுக்கு. உங்கூட்டுல நீயும் வேலைக்குப் போயிருவே, அவரும் போயிருவாரு. அந்நேரத்துக்கு யாரு கை குடுக்கறது? இங்கன்னா நாங்க ரெண்டு பேரு இருக்கறம். ஒருத்தரு அசந்தா ஒருத்தரு.

இல்ல அம்மிணி, தொட்டி வேண்டாம். வேற தொட்டி பாத்துக்க. உன்னை வெறுங்கையோட தாட்டிவிட மாட்டேன், வா, அந்த ரூம்புல ஒரு கட்டில் இருக்குது பாரு. தேக்கு. எங்கப்பன் என்ற கல்யாணத்துக்குச் செஞ்சு குடுத்தது. குழந்தையோட படுக்க உங்களுக்குச் சௌகரியமா இருக்கும். அதை எடுத்துட்டுப் போ. ஒத்த ரூம்புல கட்டிலு, தொட்டி ரெண்டையும் வெக்க முடியாது. நாங்க கீழ படுத்துக்கறோம்.